பேயா, இரத்தக் காட்டேரியா? நாலு நாள் விடுமுறைக்கு ஒரு காதல் கதை

"மாமி, ஈஸ்டருக்கு நாங்க ரெண்டு பேரும் டர்பனுக்கு வர்றோம். சேர்ந்து படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்க. பழைய காலத்துல நடக்கணும். பேய், மந்திரம் ஏதாவது இருக்கணும். ரெண்டு ஆம்பளைங்க காதலிக்கணும். கடைசியில ரெண்டு பேரும் உயிரோட இருக்கணும்."

என் நாத்தனார் மகன் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து அனுப்பிய குரல் செய்தி இது. அவனுக்கு வயது 26. அவனோடு வாழும் பையன் பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரன். இருவருக்கும் வாசிக்கிற பழக்கம் உண்டு, ஆனால் இந்த வகை நாவலுக்குப் புதியவர்கள். நான் பத்து வருடத்துக்கு மேலாக இதையே விடாமல் படித்து வருகிறேன். பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி, தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த் வந்து சேர்ந்து, பேச்சுத்துணை இல்லாத ஒரு குளிர்காலத்தில் நூலகத்தில் கைக்குக் கிடைத்த ஒன்றில் தொடங்கிய பழக்கம். இரண்டு ஆண்களின் காதலில் உனக்கு என்ன என்று கேட்டவர்கள் உண்டு. ஆணும் பெண்ணும் காதலிக்கும் சரித்திரக் கதையில் கடைசிப் பக்கத்துக்குப் போனால் மணமேடை தயாராக இருக்கும். அதை ஊரே போட்டுக் கொடுத்துவிடும். இந்தக் கதைகளில் தரகரும் இல்லை, தாலியும் இல்லை, நாள் குறிக்கப் பெரியவர்களும் இல்லை. நாம் இனி எப்படி வாழப்போகிறோம், வெளியே என்ன சொல்லிக்கொள்வோம் என்று இருவருமே உட்கார்ந்து யோசித்து ஒரு குடித்தனத்தை உண்டாக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் நான் படிக்கிறேன்.

பெரிய வெள்ளியிலிருந்து திங்கட்கிழமை குடும்ப தினம் வரை நாலே நாள். தப்பான புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால் அவர்கள் இந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். அதனால் படித்தவற்றையெல்லாம் மனதில் வரிசைப்படுத்தி, எதை முதலில் கொடுப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அவன் கேட்ட நாலில் கடைசி நிபந்தனைதான் எனக்கு முதலில் பட்டது. இரண்டு ஆண்கள் காதலித்தால் ஒருவன் சாக வேண்டும் என்பது நெடுங்காலம் எழுதப்படாத விதியாக இருந்தது. ஈ. எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை 1913-14ல் எழுதினார். அதில் காதலர்கள் பிரியாமல் சேர்ந்து வாழப் போகிறார்கள். முடிவு சந்தோஷமாக இருந்தே ஆக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். அந்த முடிவோடு அன்றைய இங்கிலாந்தில் அதை வெளியிட முடியாது. அவர் இறந்த பிறகு 1971ல்தான் அச்சில் வந்தது. இன்று 'ரொமான்ஸ்' என்று அட்டையில் போட்டு விற்கும் நாவலில் முடிவு நல்லபடியாக இருக்கும் என்பது வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு. அது இல்லாவிட்டால் அது வேறு வகை நாவல். ஆகவே அவன் கேட்டது நியாயம். பேயும் வேண்டும், சாவும் கூடாது என்பதில்தான் சிக்கல்.

இந்த வகையில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் இரண்டு கேள்வி கேட்பேன். பேயை எடுத்துவிட்டால் கதை நிற்கிறதா? வருடத்தை மாற்றினால் கதை நிற்கிறதா? நின்றுவிட்டால் அதைக் கீழே வைத்துவிடலாம். அமானுஷ்யமும் அந்தக் காலமும் ஒன்றையொன்று பிடித்து இழுத்தால்தான் இந்த வகைக்கே அர்த்தம்.

வருடம் என்று சொல்வது கோட்டும் தொப்பியும் குதிரைவண்டியும் அல்ல. பெரும்பாலான கதைகள் இங்கிலாந்தில் நடப்பதால் அந்த ஊர்ச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு படித்தால் சுவை இரண்டு மடங்கு. 1533ல் ஆண்களுக்கிடையிலான உறவுக்கு மரண தண்டனை வந்தது. அதற்காகக் கடைசியாகத் தூக்கில் போடப்பட்டவர்கள் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இருவர், 1835 நவம்பரில், நியூகேட் சிறை வாசலில். 1861ல் தூக்கு எடுக்கப்பட்டு நீண்ட சிறைத்தண்டனை வந்தது. 1885ல் வந்த ஒரு திருத்தம், எது குற்றம் என்று தெளிவாகச் சொல்லாமலேயே 'ஒழுக்கக்கேடு' என்ற ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் அடக்கி இரண்டு வருடச் சிறை என்றது. மிரட்டிப் பணம் பறிக்கிறவர்களுக்குக் கொடுத்த பட்டயம் என்றே அதற்குப் பெயர் வந்தது. ஆஸ்கர் வைல்டு 1895ல் உள்ளே போனது அதன்படிதான். 1967 வரை அது நீண்டது. பக்கத்திலேயே பிரான்சில் 1791லிருந்தே இது குற்றமில்லை. கதையில் இருவரும் கடைசியில் பாரிஸுக்குக் கப்பல் ஏறினால் அதை ஆசிரியரின் குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம், உண்மையில் பலர் போன வழி அது.

இதனால் 1810ல் நடக்கும் கதையில் இருக்கிற பயம் வேறு, 1890ல் நடக்கும் கதையில் இருக்கிற பயம் வேறு. முன்னதில் கழுத்தில் கயிறு. பின்னதில் மேஜை இழுப்பறையில் ஒரு கடிதம், அதை யார் எடுத்தார்கள் என்ற கேள்வி. நாலு நாள் ஓய்வுக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கயிற்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கடிதம் பரவாயில்லை, கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியும். இப்படி நடைமுறையாக யோசித்து 1885க்குப் பிந்தையதே நல்லது என்று முதலில் முடிவு செய்தேன்.

இனி பேய்.

பேய்க்கும் அந்தக் காலத்துக்கும் இயல்பாகவே ஒரு முடிச்சு உண்டு. 1848ல் நியூயார்க் மாநிலத்து ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஃபாக்ஸ் சகோதரிகள் சுவரில் தட்டும் சத்தம் ஆவிகளின் பேச்சு என்றார்கள். அதிலிருந்து ஆவி அழைக்கும் கூட்டம் அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் பரவியது. அந்தச் சகோதரிகளில் ஒருவரான மார்கரெட் 1888ல் மேடையேறி, அது கால் விரல் மூட்டைச் சொடுக்கிய சத்தம் என்று ஒப்புக்கொண்டார், மறு வருடமே அதை மறுத்தார். இடையில் 1882ல் லண்டனில் படித்த மனிதர்கள் சேர்ந்து ஆவி ஆராய்ச்சிக்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். நம்புகிறவன், ஏமாற்றுகிறவன், சோதிக்க வருகிறவன் என்று மூன்று பேரும் ஒரே அறையில் இருந்த காலம் அது. நாவலாசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

அந்தக் கூட்டம் எப்படி நடக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். விளக்கைக் குறைத்துவிடுவார்கள். வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆவியை அழைத்துப் பேச வைக்கிறவருக்கு மீடியம் என்று பெயர். அவர் ஏமாற்றாமல் இருக்க, இரண்டு பக்கமும் இருப்பவர்கள் அவர் கையைக் கொஞ்சமும் தளரவிடக் கூடாது. ஆணும் ஆணும் காதலிப்பது குற்றம் என்றிருந்த காலத்தில், நாலு பேர் பார்க்க, மணிக்கணக்கில், ஒருவன் இன்னொருவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதியே இருந்த இடம் அந்த இருட்டறை. ஒருவன் மீடியம், அவனைப் பொய்யன் என்று காட்ட வந்தவன் பக்கத்தில். கையை விட்டால் சோதனை கெட்டுவிடும். இந்தக் காட்சியை நன்றாக எழுதிய எந்தக் கதையையும் என்னால் கீழே வைக்க முடிந்ததில்லை. என் இரண்டு கேள்விக்கும் இது நேராகப் பதில் சொல்லிவிடுகிறது. பேயை எடுத்தால் அந்த மேஜை இல்லை. வருடத்தை மாற்றினால் அந்தக் கைக்கு அவ்வளவு கனம் இல்லை.

பேய்க்கதையின் குறையும் பெரிது. காதலர்களில் ஒருவனே பேய் என்றால் தொட முடியாது, சேர்ந்து கிழவராக முடியாது. ஆசிரியர்கள் இதை மூன்று விதமாகச் சமாளிக்கிறார்கள். உயிரோடு இருப்பவனும் இறந்து, இருவரும் ஆவியாகச் சேர்வது ஒன்று. அழகாக எழுதியவர்கள் உண்டு, ஆனால் எங்கள் பையனின் நிபந்தனையில் அது அடிபட்டுப் போகிறது. பேய்க்கு ஏதோ சடங்கால் உடம்பு திரும்பக் கிடைப்பது இரண்டாவது. எனக்கு இதில் எப்போதும் ஏமாற்றம்தான். முந்நூறு பக்கம் சாவின் பாரத்தைச் சுமக்க வைத்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் இறக்கி வைத்துவிடுகிறார்கள். மூன்றாவது, பேய் வேறொரு ஆள். பழைய வீடு ஒன்றில் நூறு வருடம் முன்பு தன் காதலைச் சொல்ல முடியாமல் செத்தவன் அலைகிறான். அவன் ஏன் அலைகிறான் என்று கண்டுபிடிக்க வந்த இரண்டு உயிருள்ள மனிதர்கள், அவன் கதையைத் தோண்டத் தோண்டத் தங்கள் கதையைக் கண்டுகொள்கிறார்கள். மூன்றிலும் இதுவே உயர்ந்தது என்பேன். இறந்தவன் பேசாமல் விட்டதை இருப்பவர்கள் பேசிவிடுகிறார்கள். யாரும் சாகவும் வேண்டாம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை நேரில் கண்டிராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வந்து கூட அமர்ந்ததைப் பள்ளியில் படித்திருப்போம். அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் மறந்துவிடுகிறோம். பொத்தியாரும் கூடவே உயிர்விட வந்தார். உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், பிள்ளை பிறந்த பின் வா என்று அரசன் அனுப்பிவிட்டான். அவர் திரும்பி வந்தபோது அரசன் நடுகல்லாக நின்றான். அந்தக் கல்லிடம்தான் பொத்தியார் தனக்குரிய இடத்தைக் கேட்கிறார். கல்லான பிறகும் அவன் இடம் கொடுத்தான் என்கிறது புறநானூறு. உரைகாரர்கள் இதை நட்பு என்கிறார்கள், நான் அதற்கு வேறு பெயர் வைக்க வரவில்லை. இறந்த ஆண் ஒருவன் உயிருள்ள ஆணுக்குத் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கித் தருவது நம் மொழியில் முதலிலிருந்தே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். பேய்க்கதை படிக்கும்போது எனக்குள் ஏதோ ஒன்று சட்டென்று பழகிய இடத்தில் உட்கார்ந்துகொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரத்தக் காட்டேரிக்கு வருகிறேன். பெயரிலேயே ஒரு தொல்லை. நம் ஊர்க் காட்டேரி கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் சுற்றுவது, படையல் போட்டு அமைதிப்படுத்த வேண்டியது, குடும்பத்துக்குக் குடும்பம் வழிபாடும் உண்டு. ஐரோப்பிய வாம்பயர் செத்தும் சாகாத, நல்ல உடை உடுத்திய பணக்காரன். 1819ல் வெளியான முதல் ஆங்கில வாம்பயர் கதையை எழுதியது பைரன் பிரபுவின் மருத்துவராக இருந்த போலிடோரி. கதையில் வரும் அந்தப் பிரபுவுக்குப் பைரனின் சாயல். ஓர் இளைஞன் இன்னொரு ஆணின் கவர்ச்சியிலிருந்து விலக முடியாமல் அவன் பின்னாலேயே ஊர் ஊராகப் போகிறான். இந்த உயிரினம் ஆங்கிலத்தில் பிறந்ததே இரண்டு ஆண்களுக்கு நடுவில்தான்.

இதன் பெரிய பலம் காலம். கயிறும் சிறையும் மனித ஆயுளை வைத்துக் கணக்குப் போடுகின்றன. சாகாதவன் சட்டத்தைவிட நீண்டு வாழ்வான். 1890ல் லண்டன் பனியில் சந்தித்த இருவர் 1967ஐப் பார்க்கலாம். கப்பலேறி இங்கே வந்திருந்தால், பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று உலகிலேயே முதலில் அரசியல் சட்டத்தில் எழுதிய நாட்டில் இருந்திருப்பார்கள். அரசியல் சட்ட நீதிமன்றம் பழைய தண்டனைச் சட்டத்தை 1998ல் அடித்துப் போட்டதைப் பத்திரிகையில் படித்திருப்பார்கள். 2006 நவம்பர் 30க்குப் பிறகு போய்க் கையெழுத்துப் போட்டுத் திருமணமே செய்திருக்கலாம். நூறு வருடத்துக்கு மேல் காத்திருந்து செய்துகொண்ட கல்யாணம்! பேய்க்கதையால் ஒருநாளும் இதைக் கொடுக்க முடியாது. 'கடைசியில ரெண்டு பேரும் உயிரோட இருக்கணும்' என்றவனுக்கு இதைவிடப் பொருத்தமானது உண்டா என்று ஒரு முழு மாலை தடுமாறினேன்.

பிறகு படித்தவற்றை நினைவில் கொண்டுவந்தேன். இந்த வகையில் காலம் நீள நீள, வருடங்கள் மெலிந்து போகின்றன. 1790ல் இருந்த அதே ஆள், அதே மேலங்கியோடு 1890லும் இருக்கிறான். பயமில்லாதவனுக்குச் சட்டம் ஒரு பொருட்டா? ஆகவே என் இரண்டாவது கேள்வியில் பாதிக்கு மேல் தோற்றுவிடுகின்றன. இன்னொன்று, ஒருவனுக்கு 200 வயதும் இன்னொருவனுக்கு 22ம் என்றால், பணமும் பலமும் அறிவும் எல்லாம் ஒருவன் பக்கமே. அதைக் கவனித்து எழுதுகிறவர்கள், இரத்தம் கொடுப்பதற்கு முன் அந்த இளைஞன் யோசிக்கவும் மறுக்கவும் இடம் வைக்கிறார்கள். கவனிக்காதவர்கள் மயக்கத்தையே சம்மதம் என்று எழுதிவிடுகிறார்கள், அங்கே எனக்குக் கோபம் வரும். மூன்றாவது வெறும் நடைமுறை: இவை தொடராக வரும், ஐந்து பாகம், ஆறு பாகம். முதல் பாகத்தின் முடிவில் கதை அந்தரத்தில் நிற்கும். நாலு நாளில் நடக்காது.

ஓநாயாக உருமாறுகிறவர்கள் கதையை நான் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. விதியே இவனுக்கு இவன்தான் என்று வாசனையில் எழுதி வைத்துவிடுகிறது, அவர்கள் அதைக் கண்டுபிடித்தால் போதும். ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்கும் சிரமமே இல்லாத காதலில் எனக்கு ஈடுபாடு குறைவு. காடும் கூட்டமும் வந்துவிட்டால் எந்த நூற்றாண்டு என்பதும் மறந்துபோகிறது. கூட்டுக்குடும்பத்தின் கதகதப்புக்காக இதை விரும்புகிறவர்கள் நிறைய. பையனை வீட்டைவிட்டுத் துரத்திய குடும்பத்துக்குப் பதிலாக இன்னொரு குடும்பம் சேர்த்துக்கொள்கிறது என்பதற்காகவே படிக்கும் ஒருவர் எனக்குத் தெரியும். அவருக்கு இதுதான் சரி, மறுக்க மாட்டேன்.

மந்திரவாதிக் கதைகள் இரண்டு சாதி. ஒன்றில் மந்திரமும் ரகசியம், காதலும் ரகசியம். தேநீர் விருந்தில் கப்பைப் பிடிக்கிற விதத்தில்கூட இரண்டையும் மறைக்க வேண்டும். நன்றாக எழுதினால் பேய்க்கதைக்குச் சமமாக நிற்கும். சில சமயம் மந்திரவாதிகளை வேட்டையாடும் கற்பனைச் சட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு, உண்மையான சட்டத்தை ஆசிரியர் மறந்தே போகிறார். அப்போது அந்த வருடம் வீண். இன்னொரு சாதியில் இங்கிலாந்தே வேறு மாதிரி இருக்கும். மந்திரம் இருப்பதால் சரித்திரம் வேறு பக்கம் திரும்பிவிட்டது, இரண்டு பிரபுக்கள் நடன மண்டபத்தில் சேர்ந்து ஆடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் கேள்விகளின்படி இது தேறாது. ஆனாலும் சொல்கிறேன், என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் முழுக்க நான் படித்தது இந்த இரண்டாவது சாதிதான். பயம் என்ற ஒன்றே இல்லாத பக்கங்கள் தேவைப்படும் நாட்கள் வரும். யாருக்காவது மனம் நொந்திருந்தால் இதைத்தான் கொடுப்பேன். எங்கள் பையன்கள் நொந்துபோய் வரவில்லை, உற்சாகமாக வருகிறார்கள்.

பூர்வஜென்மக் கதை நமக்குப் பாட்டி மடியிலேயே கிடைத்தது. ஏழேழு பிறப்பும் தொடரும் என்பதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. இதில் ஒரே ஒரு விஷயம் பார்த்து வாங்குங்கள். போன பிறவியில் இவர்களில் ஒருவன் பெண்ணாக இருந்தான், அதனால்தான் இப்போது இந்த ஈர்ப்பு என்று ஆசிரியர் சமாதானம் சொல்லத் தொடங்கினால் புத்தகத்தை மூடிவிடலாம். இரண்டு ஆண்களின் காதலுக்கு அப்படியொரு மன்னிப்புக் கடிதம் தேவையில்லை.

இந்த இடத்தில் தொலைபேசியில் அவனிடம் பேய்க்கதை என்று சொல்லிவிட்டேன். "இங்கிலாந்துதானா மாமி? நம்ம நாட்டுல ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டான்.

கதைக்கு வேண்டிய சரித்திரம் இங்கே இருக்கிறது, அதைத்தான் அவனுக்குச் சொன்னேன். ராபன் தீவு மண்டேலாவுக்கு வெகு காலம் முன்பே சிறை. டச்சுக் கம்பெனி காலத்தில் அங்கே கைதிகளாக இருந்த இருவர், ஒருவர் கிளாஸ் பிளாங்க், இந்த மண்ணின் பூர்வகுடிகளான கோயி இனத்தவர், இன்னொருவர் ரைக்ஹார்ட் யாகப்ஸ் என்ற டச்சு மாலுமி. இருவரும் உறவு வைத்திருந்தார்கள் என்று 1735ல் தீர்ப்பெழுதி, டேபிள் வளைகுடாவில் கடலில் மூழ்கடித்துக் கொன்றார்கள். வேறு வேறு மொழி, வேறு வேறு நிறம், ஒரே தண்டனை. நங்கூரம் போட முடியாமல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டே இருக்கும் பேய்க்கப்பலின் கதையைச் சொல்லும் அதே கடல். யாராவது நன்றாக எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன். ஆனால் உண்மையில் வாழ்ந்து செத்த இருவரை விடுமுறைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள எனக்குக் கை வராது. அவர்கள் கதையில் முடிவை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. ரொமான்ஸ் தரும் வாக்கு அங்கே செல்லாது.

நம் முன்னோர் கதை இன்னொரு விதம். 1860 அக்டோபரில் கல்கத்தாவில், ஆண்களின் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைக் கொண்ட இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறியது. அதே மாதம் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை 1,52,184 பேர் அப்படி வந்தார்கள். ஆண்கள் மிக அதிகம், பெண்கள் குறைவு. கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் எழுதியிருக்கும். என் வீட்டுக்காரர் தன் கொள்ளுத்தாத்தாவின் பதிவைத் தேடி எடுத்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடது முழங்காலில் தழும்பு என்று இருந்தது. கரும்புத் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்தில் எந்த ஆள் எந்த ஆளுக்காக இரவில் விழித்திருந்தான் என்பதை எழுத அதில் கட்டம் இல்லை. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் பக்கம் போகும்போதெல்லாம், அந்தக் கரும்புக்குள் அலையும் ஒருவனைப் பற்றி யாராவது ஒரு கதை எழுத மாட்டார்களா என்று நினைத்துக்கொள்வேன். என் நாத்தனார் மகனும் அவன் ஆயாவிடம் வெள்ளை வேட்டி கட்டி ராத்திரி கரும்பு வெட்டும் பேயைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன்தான். "அதை நீங்களே எழுதுங்க மாமி" என்றான். எழுதுவது வேறு வேலை.

எந்தக் கதை என்பது முடிவானதும், எந்த வடிவில் என்ற கேள்வி. அச்சுப் புத்தகம் கையில் இருந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் இந்த வகை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வந்து சேர வாரக்கணக்காகும், இந்த நாட்டில் புத்தகத்துக்கும் 15 சதவீத வரி உண்டு. மின்நூல் உடனே கிடைக்கும், விலையும் குறைவு. 2023ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இரவெல்லாம் போன் வெளிச்சத்தில்தான் நான் படித்து முடித்தேன். பேய்க்கதைக்கு அந்த இருட்டு மிகவும் பொருந்தியது என்பதும் உண்மை. ஆனால் ஒரே திரையை இரண்டு பேர் எட்டிப் பார்த்துப் படிப்பது கழுத்துக்கும் ஆகாது, காதலுக்கும் ஆகாது. ஒருவன் வேகமாகப் படிப்பான், மற்றவன் பின்தங்குவான்.

ஒலிநூலைத்தான் சொன்னேன். ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குக் கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர், நின்று நின்று வந்தால் ஆறு மணி நேரம். இப்படிப்பட்ட நாவல் 90,000 வார்த்தை அளவில் இருக்கும். வாசிப்பவர் மணிக்கு 9,000 வார்த்தை படித்தால் பத்து மணி நேரம். வரும்போது ஆறு, போகும்போது நாலு. நடுவில் இருக்கும் நாட்களில் கதை எங்கே போகும் என்று இருவரும் பேசிக்கொள்ளலாம். ஒலிநூலில் முதலில் மாதிரித் துண்டைக் கேட்டுவிட வேண்டும். பிரபுவுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே குரலைக் கொடுக்கிறவர் வாசித்தால் பாதிக் கதை போய்விடும், ஏனென்றால் அந்தக் காலத்தில் வாயைத் திறந்தாலே அந்தஸ்து தெரிந்துவிடும். படுக்கையறைக் காட்சி எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கதவைச் சாத்திவிடும் கதையும் உண்டு, கதவைத் திறந்தே வைக்கும் கதையும் உண்டு. அது அவரவர் விருப்பம், ஆனால் வாங்கிய பிறகு திகைக்கக் கூடாது.

ஆக, நான் கொடுத்தது 1890களில் நடக்கும் பேய்க்கதை, பேய் மூன்றாவது ஆளாக வருவது, தனிப் புத்தகமாக முடிவது, ஒலிநூல். இதே கேள்வியை வேறு யாராவது கேட்டால் பதில் மாறும். குளிர்கால விடுமுறை முழுக்கக் கையில் இருக்கிறவர்களுக்கு, வருடங்கள் கொஞ்சம் மங்கினாலும் கவலைப்படாதவர்களுக்கு, கவனமாக எழுதப்பட்ட வாம்பயர் தொடர் மிகவும் பிடிக்கும். சரித்திரத்தில் இருக்கும் வலியைத் தாங்கும் நிலையில் இல்லாதவர்களுக்கு அந்த இரண்டாம் சாதி மந்திரவாதிகள்.

வெள்ளிக்கிழமை மதியம் வந்து சேர்ந்தார்கள். வேன் ரீனன் கணவாயில் மூடுபனி, வண்டி மெதுவாகத்தான் வந்ததாம். அதனால் ஏழு மணி நேரக் கதை முடிந்திருந்தது. சனிக்கிழமை எல்லோரும் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். ஈஸ்டர் கூட்டம், நிற்க இடமில்லை. வரிசையில் நகரும்போது என் நாத்தனார் மகன் என் காதருகில் வந்து, "மாமி, அந்த மேஜையில சோதனை முடிஞ்சிடுச்சு, விளக்கு ஏத்திட்டாங்க, ஆனா அவன் கைய விடல. அதைக் கேட்டதும் நாங்க வண்டிய ஓரமா நிறுத்திட்டோம்" என்றான். மாரிட்ஸ்பர்க் பையன் முன்னால் நின்று கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். திரும்பி, "அந்தப் பேய் யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க, ஆன்ட்டி" என்றான்.

நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை திரும்பும் வழியில் ஹாரிஸ்மித் வருவதற்குள் அவர்களே தெரிந்துகொள்வார்கள். ஏப்ரல் 27 சுதந்திர தின விடுமுறைக்கு வாம்பயர் தொடரில் முதல் இரண்டு பாகத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.